சூறாவளியின் மையம் எங்கே? ஒரே நேரத்துக்கு இரண்டு நிலையங்கள் 100 கி.மீ. தள்ளிக் குறிக்கும்போது

கேள்வி: கரையோரம்13, கொழும்பு

வணக்கம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கைக்குக் கிழக்கே உருவாகும் தாழமுக்கங்களைப் பற்றிய கேள்வி இது. பலநாள் படகுகளுக்குத் தமிழில் அறிவித்தல் எழுதும்போது முதல் வரியிலேயே மையம் எங்கே என்று சொல்லவேண்டும். சிக்கல் அந்த வரியில்தான். உதாரணமாக, மாலை 5.30க்கு, அதாவது கிறீன்விச் 12.00க்கு, புதுடெல்லி வானிலை மையம் 8.2 வடக்கு, 82.4 கிழக்கு என்றும், ஹவாயில் இருக்கும் அமெரிக்கக் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம் 8.9 வடக்கு, 83.0 கிழக்கு என்றும் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 100 கி.மீ. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நேர்கோட்டுத் தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். படகு எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதே இதில் மாறிவிடும்.

கண் தெரியும் சூறாவளி என்றால் கவலையில்லை. கண் இல்லாத, வலுக்குறைந்த தொகுதிகளில், இரவில் அகச்சிவப்புப் படம் மட்டும் இருக்கும்போது, மிகக் குளிர்ந்த முகில் திரளின் நடுவையே பலரும் மையமாக எடுக்கிறார்கள். காலையில் கட்புலப் படம் (சூரிய ஒளியில் எடுக்கும் செய்மதிப் படம்) வந்ததும் மையம் வேறொரு பக்கத்தில் திறந்து கிடக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில் எதை முதலில் பார்ப்பது, என்ன திருத்தங்கள் செய்வது, நிச்சயமின்மையை எப்படி எழுதுவது? இரண்டு நிலையங்களின் அமைவிடங்களைச் சராசரி எடுத்தால் சரிவருமா?


பதில்: நெட்டாங்கு82

கடைசிக் கேள்விக்கு முதலில். சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் கடலுக்கு மேலுள்ள கீழ்மட்டச் சுழற்சியையும் மற்றவர் நடுமட்டத்தில் முகில் திரளோடு சுழல்வதையும் குறித்திருந்தால், நடுப்புள்ளியில் இரண்டுமே இருக்காது. யார் எதைப் பார்த்துக் குறித்தார்கள் என்று தேடுங்கள். ஹவாய் மையத்தின் எச்சரிக்கையிலேயே அமைவிடம் எத்தனை கடல் மைலுக்குள் சரி, எதை வைத்துக் குறிக்கப்பட்டது என்ற வரிகள் இருக்கும். அவர்களுடைய செய்மதி அமைவிடக் குறிப்பில் ஒரு குறியீட்டு எண்ணும் உண்டு: 1, 2 என்றால் கண் தெரிகிறது, 3, 4 என்றால் சுழற்சி மையம் தெளிவு, 5, 6 என்றால் தெளிவில்லை. 5 என்று போட்டிருக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதிடுவதில் பயனில்லை.

குளிர்ந்த முகில் ஏன் ஏமாற்றுகிறது? கீழே ஒரு திசையிலும் மேலே 12 கி.மீ. உயரத்தில் வேறொரு திசையிலும் காற்று வீசும்போது இடிமுகில்கள் மையத்துக்கு மேல் நிற்பதில்லை. மேற்காற்று தள்ளும் பக்கம் சாய்ந்துவிடும். மேலே பலமான கிழக்குக் காற்று என்றால் முகில் திரள் மேற்கே, சுழற்சி அதன் கிழக்கு விளிம்பில் அல்லது விளிம்புக்கும் வெளியே. ஆகவே படத்தைத் திறக்க முன்னர் 200 மில்லிபார் (மேல்மட்டம்), 850 மில்லிபார் (கீழ்மட்டம்) காற்று வரைபடங்கள் இரண்டையும் பாருங்கள். எந்த விளிம்பில் தேடவேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வேர்னன் டுவோராக்கின் வலு மதிப்பீட்டு முறையிலும் முதற்படி மையத்தைக் குறிப்பதுதான். சாய்ந்த தொகுதியில், மையத்துக்கும் அடர்ந்த முகிலின் விளிம்புக்கும் உள்ள தூரத்திலிருந்தே வலுவைக் கணிக்கிறார்கள். மையம் தவறினால் வலுவும் தவறும்.

தனிப் படத்தில் மையம் குறிக்கவேண்டாம். ஆகக் குறைந்தது 3 மணித்தியால அசைபடம், 10 அல்லது 15 நிமிட இடைவெளியில். பகலில் கட்புலப் படத்தில் சிறு திரள்முகில் வரிசைகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று பாருங்கள். மேலே வெள்ளையாக விசிறிப் பரவும் கீற்றுமுகிலைக் கண்டுகொள்ளாதீர்கள். அது வெளியேறும் காற்று, மணிக்கூட்டுத் திசையில் வளையும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் நிழல் நீளமாக விழுவதால் கீழ்முகிலும் மேல்முகிலும் பிரிந்து தெரியும். அந்த வேளையைத் தவறவிடாதீர்கள்.

இரவில் 10.8 மைக்ரோமீற்றர் படத்தில் கீழ்முகிலுக்கும் கடலுக்கும் வெப்பநிலை வித்தியாசம் சொற்பம், ஆகவே கீழ்முகில் கரைந்துவிடும். 3.9 மைக்ரோமீற்றர் படத்தையும் 10.8 படத்தையும் கழித்துப் பார்த்தால் நீர்த்துளி முகில் தனியாக எழுந்து வரும். நிலவுள்ள இரவென்றால் சுவோமி, நோவா-20, நோவா-21 செய்மதிகளின் இரவு ஒளிப் படம் பின்னிரவு ஒன்றரை மணியளவில் கிடைக்கும். மெல்லிய கீற்றுமுகிலுக்குக் கீழே இருப்பதைக்கூட அது காட்டும்.

இன்னொன்று, இதை அநேகர் விட்டுவிடுகிறார்கள். தொகுதி நகரும்போது, நிலத்தை அசையாமல் வைத்த அசைபடத்தில் காற்று நின்றுபோனதாகத் தெரியும் புள்ளி உண்மையான மையமல்ல. அது நகரும் திசைக்கு இடப்பக்கம் தள்ளியிருக்கும். மேற்கே போகும் தொகுதியில் தெற்கே. கணக்குப் பாருங்கள்: மையத்திலிருந்து 80 கி.மீ.யில் செக்கனுக்கு 15 மீற்றர் காற்று, உள்ளே அது சீராகக் குறைகிறது, தொகுதி செக்கனுக்கு 5 மீற்றரில் நகர்கிறது. 5 ஐ 15/80 ஆல் வகுத்தால் 27 கி.மீ. வலுவான, இறுக்கமான சூறாவளியில் இந்த விலகல் ஓரிரு கி.மீ.தான், நாங்கள் பேசும் தொகுதிகளில் அப்படியல்ல. தொகுதியோடு சேர்ந்து நகரும் அசைபடம் செய்து பாருங்கள்.


பதில்: சாய்வுக்கோணம்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எந்தச் செய்மதி என்பதை விட்டுவிட்டீர்கள். 100 கி.மீ. வித்தியாசத்தில் பாதி அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் நிலைச் செய்மதி ஒரு முகிலைச் சரிவாகப் பார்க்கும்போது, அந்த முகில் செய்மதிக்கு எதிர்ப்பக்கம் தள்ளித் தெரியும். தள்ளும் தூரம் = முகிலின் உயரம் × அந்த இடத்தில் செய்மதி உச்சியிலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தின் தாஞ்சன் (tan). 8 வடக்கு, 82 கிழக்கில் 15 கி.மீ. உயர முகிலுக்குப் போட்டால்:

45.5 கிழக்கில் நிற்கும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்-9: சாய்வு 43 பாகை, முகில் 14 கி.மீ. கிழக்கே தள்ளித் தெரியும்.
140.7 கிழக்கில் நிற்கும் ஜப்பானின் ஹிமாவாரி-9: சாய்வு 67 பாகை, 35 கி.மீ. மேற்கே.
82 கிழக்கில் அல்லது 74 கிழக்கில் நிற்கும் இந்தியாவின் இன்சாட்: 9 முதல் 13 பாகை, 2 முதல் 4 கி.மீ.தான்.

ஒரே முகிலை மீட்டியோசாட்டில் ஒருவரும் ஹிமாவாரியில் இன்னொருவரும் குறித்தால், இருவருமே கவனமாக வேலை செய்தும் 49 கி.மீ. வித்தியாசம் வரும். ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, துல்லியமும் அழகு. ஆனால் அந்தத் துல்லியம் அதற்கு நேர் கீழே உள்ள இடங்களுக்கு; நமக்கு அது ஓரத்துப் பார்வை. என் தெரிவு: அசைவைப் புரிந்துகொள்ள ஹிமாவாரி, அமைவிடத்தைக் குறிக்க இன்சாட்.

உயரத்தை முகில் உச்சி வெப்பநிலையிலிருந்து எடுக்கலாம். நம் பகுதியில் மறை 70 பாகை என்றால் ஏறத்தாழ 14.5 கி.மீ., மறை 50 என்றால் 12 கி.மீ. இரண்டு இடங்களில் இந்தத் திருத்தம் பிழைத்துப் போகும். ஒன்று, கீழ்முகில் வரிசைகளுக்கும் 15 கி.மீ. திருத்தத்தையே போடுவது. அவற்றின் உயரம் 1.5 கி.மீ. அளவுதான், மீட்டியோசாட்டில் விலகல் ஒன்றரைக் கி.மீ.கூட இல்லை. மற்றது, சில தளங்கள் திருத்தத்தை முன்கூட்டியே போட்ட படத்தைத் தருகின்றன. அதன் மேல் இன்னொரு தடவை போட்டால் எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளிவிடும். தளத்தின் விளக்கக் குறிப்பைப் பார்க்காமல் திருத்தவேண்டாம்.


பதில்: கரையோரம்13

மிக்க நன்றி. இன்சாட்டை அடிப்படையாக எடுக்கிறேன். செய்மதிகளின் நுண்ணலைப் படங்களையும், அஸ்காட் என்ற செய்மதிக் கருவி தரும் கடற்காற்றுத் தரவையும் எவ்வளவு நம்பலாம்? அஸ்காட்டில் சுழற்சி அழகாக மூடிய வட்டமாகத் தெரியும்போது, அதையே மையம் என்று எடுத்துக்கொண்டால் போதாதா?


பதில்: நுண்ணலை

அந்த அழகான வட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் தம்பி.

அஸ்காட் கடற்பரப்பின் கரடுமுரடைத்தான் அளக்கிறது. ஒரே அளவீட்டுக்கு இரண்டு, மூன்று, சிலவேளை நான்கு காற்றுத் திசைகள் பொருந்தும். எதைத் தெரிவது என்பதற்கு மென்பொருள் ஒரு வானிலை மாதிரியின் காற்றை முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறது. மாதிரி மையத்தைத் தவறான இடத்தில் வைத்திருந்தால், திசைகளும் அந்தத் தவறான மையத்தைச் சுற்றியே தெரிவுசெய்யப்பட்டு, வட்டம் கச்சிதமாக அங்கே விழும். ஆகவே தெரிவுசெய்த திசைகளை மட்டும் பாராமல், எல்லாத் திசைகளையும் காட்டும் படத்தை எடுத்து, பென்சிலால் நீங்களே சுழற்சியை வரையுங்கள். வேகம் திசையைவிட நம்பகமானது: வேகம் மிகக் குறைந்த பள்ளம் எங்கே, அதைச் சுற்றி வேகம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் திசைக் குழப்பத்தை அநேகமாகத் தீர்த்துவிடலாம். நெட்டாங்கு82 சொன்ன இடப்பக்க விலகல் இந்தப் பள்ளத்துக்கும் பொருந்தும்.

அஸ்காட்டைச் சுமக்கும் மெட்டொப்-பி, மெட்டொப்-சி செய்மதிகள் இரண்டும் நமக்கு மேலே காலை ஒன்பதரையை ஒட்டியும் இரவு ஒன்பதரையை ஒட்டியும் போகின்றன. இரு பக்கமும் ஏறத்தாழ 500 கி.மீ. அகலப் பட்டை, நடுவில் 700 கி.மீ. வெற்றிடம். தேவையான நேரத்தில் தொகுதி அந்த வெற்றிடத்தில் விழுந்துவிடுவதும் உண்டு. கரையிலிருந்து 20, 30 கி.மீ.க்குள் தரவு இராது. இந்தியாவின் ஓஷன்சாட்-3, சீனாவின் எச்ஒய்-2 வரிசை இரண்டும் இடைவெளியை நிரப்பும். ஆனால் அவை பயன்படுத்தும் குறுகிய அலையை மழை குழப்பும். கடும் மழையில் அம்புக்குறிகள் பட்டைக்குக் குறுக்காகத் திரும்பி நிற்பதைக் கண்டால் அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கள்.

நுண்ணலையில் இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்தே பார்க்கவேண்டும். 89 கிகாஹேர்ட்ஸ் (சில செய்மதிகளில் 91) உயரத்திலுள்ள பனிக்கட்டித் துணிக்கைகளைக் காட்டும். 37 கிகாஹேர்ட்ஸ் கீழே உள்ள மழைநீரைக் காட்டும். கடல்மட்ட மையத்துக்கு 37தான் கிட்ட. ஜிபிஎம், ஜப்பானின் ஜிகொம்-டபிள்யூ போன்றவை தரையில் ஏறத்தாழ 53 முதல் 55 பாகைச் சாய்வில் பார்ப்பதால், 10 கி.மீ. உயரத்துப் பனிக்கட்டி 13, 14 கி.மீ. தள்ளி விழும், 3 கி.மீ. உயரத்து மழை 4 கி.மீ.தான் தள்ளும். இரண்டு படங்களிலும் மையம் வேறுபட்டால் இந்த விலகலைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அதன் பின்னும் வேறுபாடு மிஞ்சினால் சுழல் உண்மையிலேயே சாய்ந்து நிற்கிறது, அறிவித்தலுக்கு 37 இன் மையத்தை எடுங்கள். துல்லியம் செய்மதிக்குச் செய்மதி வேறு: ஜப்பானியக் கருவியின் 89 இல் ஒரு புள்ளி 3க்கு 5 கி.மீ.; அமெரிக்க டிஎம்எஸ்பி கருவியின் 37 இல் 28க்கு 44 கி.மீ. பின்னதை வைத்து மையம் குறிப்பதைவிட, பட்டைகளின் வளைவைப் பார்க்க மட்டும் எடுப்பது நல்லது.

நேரம். இதில் கவனக்குறைவு மிக அதிகம். காலை 9.10க்கு எடுத்த அஸ்காட்டையும் 11.30க்கான அமைவிடத்தையும் அப்படியே ஒப்பிட்டால், மணிக்கு 15 கி.மீ. நகரும் தொகுதியில் 35 கி.மீ. பொய் வித்தியாசம் பிறக்கும். பட்டை எந்த நிமிடத்தில் உங்கள் அகலாங்கைக் கடந்தது என்று பார்த்து, எல்லாக் குறிப்புகளையும் ஒரே நேரத்துக்கு நகர்த்திய பின்னர்தான் ஒப்பிடவேண்டும்.


பதில்: வாடைக்காற்று

செய்மதியைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். வங்காள விரிகுடாவுக்குள் சூறாவளிக்கு வழமையாக விமானம் அனுப்புவதில்லை. கரைக்கு 200 கி.மீ.க்குள் வந்துவிட்டால் தரை நிலையங்கள்தான் நமக்கு விமானம். திருகோணமலை (நிலைய எண் 43418), மட்டக்களப்பு (43436) உட்பட வளிமண்டலவியல் திணைக்கள நிலையங்களின் மூன்று மணித்தியாலக் குறிப்புகள் உலகப் பரிமாற்றத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

அமுக்கத்தை நேரடியாக ஒப்பிடவேண்டாம். வெப்பமண்டலத்தில் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அமுக்கம் ஏறும், பின்னிரவு 4க்கும் மாலை 4க்கும் இறங்கும். அமைதியான நாளிலேயே காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் 3 மில்லிபார் அளவு இறங்கிவிடும். அதைச் சூறாவளி நெருங்குவதாக எடுத்துவிடாதீர்கள். நேற்று இதே நேரத்திலிருந்து எவ்வளவு மாற்றம் என்பதை மட்டும் எடுத்து, நிலையங்களுக்கு இடையே சம மாற்றக் கோடுகள் வரையுங்கள். கூடுதலாக இறங்கிய பக்கம் மையம்.

காற்றுத் திசை இன்னும் நேரடி. வட அரைக்கோளத்தில் காற்றைப் பார்த்து நின்றால் மையம் வலக்கைப் பக்கம், முகத்திலிருந்து 100 முதல் 120 பாகை. ஆக, காற்று வரும் திசையோடு 110ஐக் கூட்டி ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் கோடு போடுங்கள். திருகோணமலைக் கோடும் மட்டக்களப்புக் கோடும் வெட்டுமிடம் உங்கள் முதல் மதிப்பு. கோடுகள் சிறு கோணத்தில் வெட்டினால் தூரம் நம்பத்தகாது, திசை மட்டும் நம்பலாம். மலைக்குப் பின்னாலுள்ள நிலையங்களையும், 10 கடல் மைல் வேகத்துக்குக் குறைந்த காற்றையும் இதில் சேர்க்காதீர்கள்.

கரையில் நிற்பவர்களிடம் கேட்கவேண்டியதும் இதே விடயம்தான், அவர்களுடைய சொல்லில். வாடை (வடக்குக் காற்று) கச்சானாக (மேற்குக் காற்று) மாறி, பிறகு சோளகமாக (தெற்குக் காற்று) மாறினால் மையம் அவர்களுக்கு வடக்கால் போகிறது. வாடை கொண்டலாக (கிழக்குக் காற்று) மாறிச் சோளகத்துக்குப் போனால் தெற்கால் போகிறது. முல்லைத்தீவில் ஒன்றும் வாகரையில் மற்றதும் கேட்டால், மையம் இரண்டுக்கும் இடையால் கரை கடக்கிறதா என்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தெரியும். இதை யாரும் குறைவாக எண்ணவேண்டாம்.

ராடார் பற்றி: காரைக்கால் ராடார் படத்தைத் திருகோணமலைக் கடலுக்கு எடுப்பவர்கள் கதிரின் உயரத்தை மனதில் வையுங்கள். தூரம் ஏறத்தாழ 300 கி.மீ. அரைப் பாகைச் சாய்வில் போகும் கதிர் அங்கே 8 கி.மீ. உயரத்தில் இருக்கும். 200 கி.மீ.யில் 4 கி.மீ. முந்தியதில் நீங்கள் காண்பது நடுமட்டச் சுழலைக்கூட அல்ல. 150 கி.மீ.க்குள் வந்த பிறகு டொப்லர் வேகப் படத்தில் உள்வரும் உச்சத்துக்கும் வெளிச்செல்லும் உச்சத்துக்கும் நடுவே மையத்தைத் தேடலாம்.


பதில்: நெட்டாங்கு82

வாடைக்காற்று சொன்னதற்கு ஒரு சேர்க்கை. நிலத்தைக் கடக்கும்போது கோடு வரைவதில் அவதானம் தேவை. 2500 மீற்றருக்கு மேல் உயர்ந்த மத்திய மலைநாடு கீழ்மட்டச் சுழற்சியைக் குலைத்து, மலைக்கு அப்பால் இன்னொரு தாழ்வைத் தோற்றுவிக்கும். வடக்கால் கடப்பவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போய்ப் பாம்பனுக்கு அருகே தேங்கி நின்றது. அப்படியான இடத்தில் அஸ்காட்டுக்குத் திறந்த கடல் இல்லை, மன்னார், யாழ்ப்பாணம், பாம்பன் அமுக்க மாற்றங்கள்தான் கைகொடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் மலைநாட்டு மண்சரிவுகள் காட்டியது வேறு: மையத்தின் புள்ளியையும் மழையின் இடத்தையும் ஒரே வரியில் எழுதக்கூடாது. இரண்டுக்கும் தனி வரி கொடுங்கள்.

இனி, எல்லாவற்றையும் சேர்ப்பது. ஒரே கீழ்மட்டச் சுழற்சியைக் குறித்த ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வழு ஆரையை நீங்களே மனச்சாட்சியோடு கொடுங்கள். நிறையை அந்த ஆரையின் வர்க்கத்துக்கு நேர்மாறாக வையுங்கள். அஸ்காட் 25 கி.மீ., 37 கிகாஹேர்ட்ஸ் 30 கி.மீ., இரவு அகச்சிவப்பு 60 கி.மீ. என்றால் நிறைகள் முறையே 54, 37, 9 வீதம். அகச்சிவப்பில் கண்ணுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு இடமில்லை என்பது இதில் தெளிவாகிறது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்ச்சர் நிரல் முகிற் பட்டைகளின் சுருள் வளைவையும் கண்ணின் வளையத்தையும் கணக்கிட்டு, நம்பிக்கை ஆரையோடு மையத்தைத் தருகிறது. அதையும் ஒரு குறிப்பாகச் சேருங்கள். ஆனால் அதற்கு அடிப்படை இரவு அகச்சிவப்பு என்றால் ஏற்கெனவே சேர்த்ததை இன்னொரு தடவை எண்ணவேண்டாம்.

நகர்வு வேகத்தை 6 மணித்தியால இடைவெளியிலுள்ள இரண்டு அமைவிடங்களிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 40 கி.மீ. வழு இருந்தால் வேகத்தில் மணிக்கு 9.4 கி.மீ. வழு, ஒரு நாள் முன்னே நீட்டினால் 226 கி.மீ. 12 மணித்தியாலம் எடுத்தால் அது பாதியாகும். மாதிரிகளின் பாதையைப் பார்க்கும்போதும் முதலில் ஆரம்ப நேரத்தில் அவை மையத்தை எங்கே வைத்திருக்கின்றன என்று பாருங்கள். 80 கி.மீ. தள்ளி ஆரம்பித்த பாதையின் கரைகடக்கும் இடத்தை அப்படியே பிரதி பண்ணக்கூடாது.

அறிவித்தலில் "8.2 வடக்கு, 82.4 கிழக்கு" என்று மட்டும் போடாமல், "திருகோணமலைக்குக் கிழக்கு தென்கிழக்கே 135 கி.மீ., 60 கி.மீ. வட்டத்துக்குள், திருகோணமலைக்கு மிகக் கிட்டிய சாத்தியம் 75 கி.மீ." என்று எழுதுங்கள். படகோட்டிக்கு வேண்டியது அந்த 75தான்.


பதில்: கரையோரம்13

இனி அந்த வடிவிலேயே எழுதுகிறேன் அண்ணை. ஒன்று மட்டும்: கீழ்மட்டத்தில் இரண்டு சிறு சுழல்கள் ஒன்றையொன்று சுற்றுவதாகத் தெரிந்தால் எதைக் குறிப்பது?


பதில்: நுண்ணலை

இரண்டும் 150 கி.மீ.க்குள் இருந்து, இரண்டையும் ஒரே மூடிய சம அமுக்கக் கோடு சூழ்ந்திருந்தால், பெரிய சுழற்சியின் நடுவைக் குறியுங்கள். ஆரையை இரு சுழல்களும் உள்ளே அடங்கும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒரு சுழலிலிருந்து மற்றதுக்கு அமைவிடத்தைத் தாவவிட்டால் தொகுதி திடீரென்று திசை மாறியதுபோலத் தெரிந்து, நகர்வுக் கணக்கு முழுதும் குலைந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு நுண்ணலைப் படங்களில் ஒரே சுழலைச் சுற்றி மழைப்பட்டைகள் வளைவதைக் கண்ட பிறகு அதற்கு மாறுங்கள். மாறும்போது பழைய அமைவிடங்களையும் திருத்தி, "மையம் மீளக் குறிக்கப்பட்டது, தொகுதி அங்கே நகரவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால், கடலில் இருப்பவர் அது தன்னை நோக்கி வேகமாக வருகிறது என்று எடுத்துக்கொள்வார்.